முக்காலியும் நாற்காலியும்

மனிதன் தான் வேலை செய்யும் இடத்தில் எதன்மேல் உட்காருகிறான், எந்தப் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடிக்கிறான் என்பனவெல்லாம் அற்ப விஷயங்கள் என்று கருதுவோர் உண்டு. தேசத்தின் பெரும் பிரச்னைகள் பல நம்முன் நிற்கையில் நாற்காலியைப் பற்றியும் பானையைப் பற்றியும் எழுதுவானேன் என்று அவர்கள் கேட்கக் கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. கூலி மனிதனுடைய வயிற்றை நிரப்புகிறது. அவனுக்கு அளிக்கப்படும் இடமோ அவன் யார் என்பதை அவனுக்கும் பிறருக்கும் நாள்தோறும் அறிவித்துக் கொண்டே இருக்கிறது. இந்த உண்மையைத் தமிழகத்தின் தென்கோடியில் தம் வாழ்க்கையால் நிலைநாட்டிய ஒருவருடைய சரித்திரத்தை இன்று நேயர்கள்முன் வைக்க விரும்புகிறோம். குமரித் தந்தை என்று மக்களால் போற்றப்படும் மார்ஷல் நேசமணியே அவர்.

மார்த்தாண்டம் வழியாகப் பிரயாணம் செய்தவர்கள் அப்பெயரைக் கேளாதிருக்க முடியாது. தொடுவெட்டி என்று முன்னாளில் வழங்கிய அவ்வூரில் 1964-ஆம் ஆண்டில் தொடங்கிய கிறிஸ்தவக் கல்லூரி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. நாகர்கோவிலில் அவருக்கு மணிமண்டபம் எழுப்பப்பட்டிருக்கிறது. திருவிதாங்கூரின் தென் தாலூகாக்களைத் தாய்த் தமிழகத்தோடு இணைத்த போராட்டத்தின் தளபதி என்ற முறையிலேயே மக்கள் அவரை நினைவுகூர்கின்றனர்; அது முற்றிலும் நியாயமே. ஆயினும் 1956-ல் வெற்றி கண்ட அந்தப் பெரும் போர், 1921-ல் ஒரு கோர்ட்டு அறையில், ஒரு முக்காலியின் முன்னே தொடங்கிற்று என்பதே நம் கருத்து.

நேசமணி 1895-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 12-ந் தேதி விளவங்கோடு தாலூகாவைச் சேர்ந்த பள்ளியாடியில், கிறிஸ்தவ நாடார் குடும்பம் ஒன்றில் பிறந்தார். மார்த்தாண்டத்துக்கு அணித்தான ஊர் அது. பனையும் தென்னையும் நெருங்கி வளர்ந்த அந்தப் பூமியில் பிறந்த பிள்ளைகளில் கல்லூரிப் படிப்பை எட்டினோர் அக்காலத்தில் மிகச் சிலரே. நேசமணியோ கல்லூரிப் படிப்பை முடித்துத் திருவனந்தபுரத்தில் சட்டமும் பயின்று, 1921-ஆம் ஆண்டில் நாகர்கோவிலில் வக்கீல் தொழிலை மேற்கொண்டார். அப்போது அவருக்கு வயது 26.

அவர் பிறந்த சமஸ்தானத்தின் முந்தைய சரித்திரத்தை அறியாதவர்களுக்கு அவர் செய்த காரியத்தின் பெருமை விளங்காது. திருவிதாங்கூரில் கூலியில்லாமல் சர்க்காருக்கு வேலை செய்யும் ஊழிய முறை நெடுங்காலம் நடைபெற்றது. அடிமை முறை அங்கே 1855-ல் தான் பிரகடனத்தால் ஒழிக்கப்பட்டது. நாடார் குலப் பெண்கள் மார்பை மறைத்து ஆடை உடுக்கும் உரிமைக்காகப் பல்லாண்டுகள் போராடி, 1859-ல் தான் சர்க்காரின் அனுமதியைப் பெற்றனர். ஆலயக் கதவுகள் எல்லா இந்துக்களுக்கும் திறக்கப்பட்டது 1936 நவம்பரில். எந்த மனிதன் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும், எந்த வீதியில் நடக்கலாம் என்பனவற்றை வழக்கம் அளந்து வைத்திருந்த தேசம் அது. அளந்து வைத்த அந்த வழக்கம், நியாயம் வழங்கும் ஸ்தலத்தையும் விட்டு வைக்கவில்லை.

நேசமணி வக்கீல் உடை தரித்து நாகர்கோவில் கோர்ட்டுக்குச் சென்றபோது அங்கே இருவகை ஆசனங்கள் போடப்பட்டிருந்தன. உயர் சாதி வக்கீல்களுக்கு நாற்காலி, மற்றையோருக்கு முக்காலி. குடிதண்ணீர்ப் பானையிலும் அதே பேதம் நிலவிற்று. இருசாராரும் படித்தது ஒரே சட்டம். பெற்றது ஒரே பட்டம். வாதாடியது ஒரே நீதிபதியின் முன்னிலையில். ஆயினும் ஒருவருக்கு முதுகு சாய இடம் உண்டு, மற்றவருக்கு இல்லை. நேசமணி முக்காலியில் அமர மறுத்தார்; நாற்காலியில் அமர்ந்தார். அதன் விளைவாக முக்காலிகளும் தனிப்பானையும் அந்த அறையிலிருந்து மறைந்தன. இந்த வரலாறு குமரி மாவட்டத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வருகிறது. அதைக் கேளாமல் அங்கே வளர்ந்த பிள்ளைகள் குறைவு.

இதில் என்ன பெரிய அநியாயம் என்று கேட்போர் அக்காலத்திலும் இருந்திருப்பர். முக்காலியும் ஆசனமே அன்றோ? அதில் அமர்ந்தும் வாதத்துக்குக் குறிப்பு எடுக்கலாம் அன்றோ? மற்றொரு பானையின் நீரும் தாகத்தைத் தணிக்கும் அன்றோ? இவ்வாதம் வெளிக்கு நியாயம் போலத் தோன்றும். உள்ளே பார்த்தால் பொள்ளலாகும். முக்காலியின் குறை அதற்கு ஒரு கால் குறைந்ததில் இல்லை. அது எவருக்கென்று ஒதுக்கப்பட்டதோ அதில்தான் இருந்தது. கட்சிக்காரன் கோர்ட்டுக்குள் நுழைந்தவுடன் எந்த வக்கீல் மேல், எந்த வக்கீல் கீழ் என்பதை ஆசனமே அவனுக்குச் சொல்லிவிடும். வக்கீல் வாய் திறப்பதற்கு முன்பே அவருடைய வாதம் பாதி தோற்றுப் போகும். ஆகவே முக்காலி வெறும் அவமானம் மட்டும் அன்று; அது தொழிலுக்கே தடை.

வக்கீல் ஒருவரிடம் கைகட்டிச் சம்பளம் வாங்குபவர் அல்லர் என்பது உண்மை. ஆயினும் கோர்ட்டு அறையே அவருடைய தொழிற்களம். அக்களத்தை அமைத்தவர்கள் வேறு சிலர். அதில் உழைத்து வாழ வந்தவர் அவர். உழைக்க வருபவரை உள்ளே அனுமதித்துவிட்டு, உழைப்பதற்கு வேண்டிய இடத்தை மறுப்பது ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவதாகும். ஆலையாயினும் அலுவலகமாயினும் கடையாயினும் இந்த நியாயம் ஒன்றே.

நம் தேசத்தின் பெருந்தலைவர்கள் சிலருடைய வாழ்க்கையும் இதே முள்ளில் தைத்தே திரும்பியது என்பது சிந்திக்கத் தக்கது. 1893-ல் காந்தியடிகள் இளம் பாரிஸ்டராக டர்பன் நகரக் கோர்ட்டுக்குச் சென்றபோது, தலைப்பாகையை எடுக்கும்படி மாஜிஸ்திரேட் பணித்தார். காந்தியடிகள் மறுத்து வெளியேறினார்; பத்திரிகைகளுக்கும் எழுதினார். மறு ஆண்டில் நேட்டால் சுப்ரீம் கோர்ட்டில் வக்கீலாகப் பதிவு பெற்றபோதோ, அந்தக் கோர்ட்டின் உடை விதிக்கு இணங்கித் தலைப்பாகையை எடுத்தார். நண்பர் சிலர் இதைக் குறை கூறினர். பெரிய போராட்டத்துக்காகத் தம் பலத்தைச் சேமித்து வைப்பதே அவருடைய நோக்கம். தொழிற்களத்தில் எதை விட்டுக் கொடுக்கலாம், எதை விட்டுக் கொடுக்கலாகாது என்பதை ஒவ்வொருவரும் நிறுத்துப் பார்த்தே தீர வேண்டும் என்பதற்கு அது ஓர் உதாரணம்.

டாக்டர் அம்பேத்கர் பட்டது இதனினும் கொடியது. 1917-ல் பரோடா சமஸ்தானத்தில் உயர் உத்தியோகம் ஏற்ற அவருக்கு அந்த நகரில் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் தங்கிய அவர் அங்கிருந்தும் விரட்டப்பட்டார். அலுவலகத்தில் சேவகர்கள் கோப்புகளை அவர் மேசைமேல் தூர நின்று வீசினர். குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. அந்த உத்தியோகத்தை விட்டு 1918-ல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக அமர்ந்தபோதும், ஆசிரியர்களுக்கென்று வைத்திருந்த பானையிலிருந்து அவர் தண்ணீர் எடுப்பதைச் சக ஆசிரியர் சிலர் ஆட்சேபித்தனர். அமெரிக்காவிலே பயின்று வந்த மேதையின் அறிவு தேவைப்பட்டது. அந்த அறிவைச் சுமந்து வந்த தேகத்துக்கு ஒரு கூரையும் ஒரு குவளைத் தண்ணீரும் கொடுக்க மனம் வரவில்லை!

திருவிதாங்கூரிலேயே மற்றோர் உதாரணமும் உண்டு. அரண்மனை வளைவுக்குள் முறைஜபம் நடைபெற்ற காலத்தில், அதே வளைவுக்குள் இருந்த கோர்ட்டுக்குச் செல்ல மாதவன் என்னும் ஈழவ வக்கீலுக்கு அனுமதி மறுக்கப்பட்டதே வைக்கம் கிளர்ச்சிக்குத் தூண்டுகோலாயிற்று என்று பெரியார் ஈ.வெ.ரா. எடுத்துரைத்திருக்கிறார். 1924-ல் தொடங்கிய அந்த சத்தியாக்கிரகத்தைத் தேசமே திரும்பிப் பார்த்தது. நேசமணி முக்காலியை மறுத்தது அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். பத்திரிகைகளின் ஆரவாரமும் தலைவர்களின் துணையும் இன்றி, தொழிலின் வாயிற்படியிலேயே நின்ற ஓர் இளைஞர் தனித்துச் செய்த காரியம் அது.

அக்காரியத்தில் மூன்று அம்சங்கள் நம் கவனத்துக்கு உரியன. முதலாவது, அவர் அதை மறைவில் செய்யவில்லை. முணுமுணுத்துக் கொண்டே முக்காலியில் அமர்ந்து, வீட்டுக்குப் போய்ப் பொருமுவோர் பலர். அவர் எல்லோரும் காண, அந்த இடத்திலேயே தம் தேவையைத் தெரிவித்தார். இரண்டாவது, அதன் பயன் அவரோடு நின்றுவிடவில்லை. அவருக்கு மட்டும் ஒரு நாற்காலி கிடைத்து, அவர் குலத்தாரும் பிறரும் முக்காலியிலேயே இருந்திருப்பார்களானால் அது சலுகையாகி இருக்கும். முக்காலி என்னும் வகையே ஒழிந்தபோது அது உரிமையாயிற்று. மூன்றாவது, நாற்காலியைப் பெற்றபின் அதற்கு ஏற்ற உழைப்பை அவர் கொடுத்தார். கிரிமினல் வழக்குகளில் பெரும் பெயர் எடுத்த அவர், எந்த வக்கீல்களின் அறையில் முக்காலி போடப்பட்டிருந்ததோ அந்த வக்கீல்களின் சங்கத்துக்கே பிற்காலத்தில் தலைவரானார். இடம் கேட்டவர் திறமைக் குறைவை மறைக்கக் கேட்டார் என்று எவரும் சொல்ல இடமில்லாமற் போயிற்று.

1940-களில் அவர் நாகர்கோவில் நகரசபையின் தலைவராகவும் திருவிதாங்கூர் சட்டசபை அங்கத்தினராகவும் பணியாற்றினார். இது நம் விஷயத்துக்குப் புறம்பான செய்தி அன்று. கேட்கும் நிலையில் இருந்தவர் கொடுக்கும் நிலைக்கு வந்தார் என்பதே இதன் பொருள். உரிமை கேட்பது எளிது என்றும், அதிகாரத்தில் அமர்ந்தபின் பிறருடைய உரிமையைக் காப்பதே கடினம் என்றும் உலக அனுபவம் காட்டுகிறது. நாற்காலி கிடைத்தவுடன் பழைய முக்காலியை மறந்துவிடுவோரை எல்லாக் கட்சிகளிலும் நாம் காண்கிறோம். நேசமணி மறக்கவில்லை. அவருடைய பிற்கால வாழ்வு முழுவதும் அதற்குச் சாட்சி.

தேசம் விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டில் அவர் திருவிதாங்கூர்த் தமிழர் இயக்கத்தில் இறங்கினார். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்று பெயர் கொண்ட அந்த ஸ்தாபனம் அவருடைய தலைமையில் மக்கள் சக்தியாக வளர்ந்தது. அதன் குறைகள் யாவை? தமிழ் பேசும் தாலூகாக்களில் ஆட்சியின் மொழி மலையாளம். தாய்மொழி பேசும் குடியானவன் தன் ஊர் அலுவலகத்திலேயே அந்நியன்போல் நிற்க வேண்டிய நிலை. கோர்ட்டு அறையில் ஒரு வக்கீலுக்கு நேர்ந்தது இங்கே ஒரு ஜனசமூகத்துக்கே நேர்ந்தது. மலையாள மக்களோடு அவருக்குப் பகை இல்லை. தம் மக்களுக்கும் சமமான ஆசனம் வேண்டும் என்பதே அவருடைய கோரிக்கை. 1952-ல் நாகர்கோவில் தொகுதியிலிருந்து பார்லிமெண்டுக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1954-ஆம் ஆண்டு இக்கதையின் உச்சம். திருவிதாங்கூர்-கொச்சி சட்டசபைத் தேர்தலில் அவருடைய ஸ்தாபனம் 12 ஸ்தானங்களை வென்றது. தேவிகுளம், பீர்மேடு மலைப் பிரதேசங்களில் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளர் கெடுபிடிக்கு உள்ளானபோது, தடையை மீறி அவர் ஜூலை மாதத்தில் அங்கே சென்று கைதானார். அந்தத் தோட்டங்களில் வேலை செய்யும் இடமும் குடியிருக்கும் இடமும் முதலாளியின் கையிலேயே இருந்தன. வேலை போனால் வீடும் போகும். தோட்ட முதலாளிகள் தொழிலாளருக்கு வீடும் குடிதண்ணீரும் வைத்திய வசதியும் அளித்தாக வேண்டும் என்றும், பெண் தொழிலாளர் 50 பேருக்குமேல் உள்ள இடங்களில் குழந்தைகளைப் பேணும் அறை வேண்டும் என்றும் விதித்த 1951-ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் அமலுக்கு வந்தது அதே 1954 ஏப்ரலில் தான். சட்டம் ஏட்டில் ஏறிய காலத்திலும், தொழிலாளி மலையிலே அச்சத்தோடு வாழ்ந்தான். ஏட்டுக்கும் மலைக்கும் இடையே உள்ள தூரத்தை நடந்து கடக்க ஒரு தலைவர் தேவைப்பட்டார்.

அவ்வாண்டு ஆகஸ்டு 11-ந் தேதி விடுதலை தினமாக அனுஷ்டிக்கப்பட்டது. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் திரண்ட மக்கள்மீது போலீசார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர், உயிர்கள் பலியாயின. ஆட்சியில் இருந்தது பட்டம் தாணுபிள்ளையின் பிரஜா சோஷலிஸ்டு மந்திரிசபை. தம் சொந்தக் கட்சியின் மந்திரிசபையே ராஜிநாமாச் செய்ய வேண்டும் என்று டாக்டர் ராம் மனோகர் லோகியா வற்புறுத்தியதும் சரித்திரம். மார்த்தாண்டத்தின் மண் அன்று சிந்திய இரத்தத்தை நம் நாட்டு அரசியல் தொண்டர் எவரும் மறத்தற்கில்லை.

1955-ல் ராஜ்ய சீரமைப்புக் கமிஷன் தன் அறிக்கையை வெளியிட்டது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலூகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் 1956 நவம்பர் 1-ந் தேதி சென்னை ராஜ்யத்தோடு இணைந்தன. தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. அக்குறை அவர் மனத்தில் நிலைத்தது. அதன்பின் அவருடைய ஸ்தாபனம் இந்தியக் காங்கிரசோடு கலந்தது. 1957-ல் கிள்ளியூர் தொகுதியிலிருந்து சென்னைச் சட்டசபைக்கும், 1962-லும் 1967-லும் நாகர்கோவிலிலிருந்து பார்லிமெண்டுக்கும் மக்கள் அவரை அனுப்பினர். பார்லிமெண்டு அங்கத்தினராக இருக்கும்போதே 1968 ஜூன் 1-ந் தேதி அவர் காலமானார். காலியான அந்த ஸ்தானத்துக்கு 1969-ல் நடைபெற்ற உபதேர்தலில் பெருந்தலைவர் காமராஜ் வெற்றி பெற்றார். ஒருவர் விட்டுச் சென்ற நாற்காலியின் மதிப்பு, அதில் அடுத்து வந்து அமர்ந்தவரைக் கொண்டும் அறியப்படும்.

அவருடைய சரித்திரம் இத்துடன் முடிகிறது. அவர் எழுப்பிய கேள்வி முடியவில்லை. இன்று நம் ஊர்களின் கடைவீதிகளைப் பாருங்கள். ஜவுளிக் கடைகளிலும் நகைக் கடைகளிலும் நாள் முழுவதும் நின்றே உழைப்போர் எத்தனை பேர்! வாடிக்கைக்காரருக்கு மெத்தை ஆசனம். விற்பவருக்குத் தரையில் ஊன்றிய கால்கள். கேரளத்தில் இப்பெண் ஊழியர்கள் உட்காரும் உரிமை கேட்டுப் பல ஆண்டுகள் கிளர்ச்சி செய்து 2018-ல் சட்டத் திருத்தம் பெற்றனர். தமிழ்நாட்டிலும் 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் புதிய பிரிவு ஒன்று சேர்க்கப்பட்டு, ஊழியர் அனைவருக்கும் தக்க ஆசன வசதி அளிப்பது முதலாளியின் கடமை என்று விதிக்கப்பட்டது. நின்று வேலை செய்யும் ஆலைத் தொழிலாளருக்கு உட்கார வசதி வேண்டும் என்று 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே கூறியது. அதைத் தன்னுள் அடக்கி 2020-ல் பார்லிமெண்டு நிறைவேற்றிய தொகுப்புச் சட்டமும் அதையே கூறுகிறது. நாற்காலி இன்று சட்டத்தின் பகுதியாகிவிட்டது.

ஆசனம் ஓர் உதாரணமே. கண் பார்வை இல்லாதவர், கால் வழங்காதவர், செவி கேளாதவர், நோயால் தளர்ந்தவர் ஆகியோர் வேலைக்கு வரும்போது அவர்களுக்கு ஏற்றபடி இடத்தையும் முறையையும் திருத்திக் கொடுப்பதும் இதே நியாயத்தின் பாற்பட்டது. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதற்கு இலக்கணம் வகுத்திருக்கிறது. அளவுக்கு மீறிய சுமை ஏற்படாத வரையில், தேவையான, பொருத்தமான மாறுதல்களைச் செய்து தருவதே நியாயமான வசதி என்பது அதன் கருத்து. சர்க்கார் ஸ்தாபனத்தில் பணியாற்றுகையில் ஊனமுற்றவரை வேலையிலிருந்து நீக்கலாகாது, பதவியைக் குறைக்கலாகாது. அவர் செய்துவந்த வேலை அவருக்கு ஒவ்வாதாயின், அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும்; அதுவும் இல்லையேல் தக்க இடம் கிடைக்கும் வரையிலோ ஓய்வு பெறும் வரையிலோ உபரிப் பதவியில் வைத்திருக்க வேண்டும். தனியார் உட்பட எல்லா ஸ்தாபனங்களும் தங்கள் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்றும் அச்சட்டம் விதிக்கிறது. பார்வையற்றோர் நீதிபதி பதவிக்குத் தகுதியற்றவர் என்று ஒதுக்கலாகாது என 2025 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 1921-ல் வக்கீலின் நாற்காலிக்கு நடந்த வழக்கு, 2025-ல் நீதிபதியின் நாற்காலிவரை வந்திருக்கிறது!

இவ்விஷயத்தில் முதலாளிகளின் கடமை யாது? கேட்பவரை எதிரியாக எண்ணாமல் காது கொடுத்துக் கேட்பது. இன்னது தேவை என்பதை அவரோடு கலந்து பேசித் தெளிவது. தர இயலுவதைத் தாமதியாமல் தருவது. அதற்காகக் கூலியைக் குறைக்காமலும் கேட்டார் என்பதற்காகப் பழி வாங்காமலும் இருப்பது. ஊழியர் நம்பிக்கையோடு தெரிவித்த நோயையோ குறையையோ ஊரறியச் செய்யாதிருப்பது. ஆசனத்தை மூலையில் போட்டு வைத்துவிட்டு, அதில் அமர்ந்தவரை முறைத்துப் பார்ப்பது சட்டத்துக்கு இணங்குவது ஆகாது. அப்படிப் போடப்பட்ட நாற்காலி நான்கு கால் உள்ள முக்காலியே.

ஊழியருக்கும் கடமைகள் உண்டு. இதைச் சொல்ல நாம் தயங்கவில்லை. தேவையைத் தெளிவாகவும் காலத்திலும் தெரிவிக்க வேண்டும். மனத்திலே வைத்துக் கொண்டு முதலாளி தானாக அறிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் அன்று. கேட்ட வழி இயலாது, ஆனால் அதே பலனைத் தரும் வேறு வழி உண்டு என்றால் அதைப் பரிசீலிக்க வேண்டும். வசதி கிடைத்தபின் வேலையின் சாரமான பகுதியைக் குறைவின்றிச் செய்ய வேண்டும். இல்லாத குறையை உள்ளதாகக் காட்டிச் சலுகை பெறுவோர், உண்மையில் குறையுற்றவரின் வாயில் மண் போடுகின்றனர். எல்லாவற்றுக்கும் மேலாக, தனக்கு இடம் கிடைத்தவுடன் பக்கத்தில் நிற்பவரை மறத்தலாகாது.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று சிறு கடைக்காரர் கேட்பார். அவருடைய கஷ்டம் நமக்குத் தெரியாதது அன்று. அளவுக்கு மீறிய சுமையைச் சட்டமும் அவர்மேல் சுமத்தவில்லை. ஆனால் பெரும்பாலும் கேட்கப்படுவது என்ன? ஓர் ஆசனம், படிக்குப் பக்கத்தில் ஒரு சரிவு, வெளிச்சமான ஒரு மூலை, நேரத்தில் சிறிது மாறுதல். இவை செலவுக்கு அஞ்சி மறுக்கப்படுவது சில வேளைகளில். பழக்கத்தை விட மனமின்றி மறுக்கப்படுவதே பல வேளைகளில். நாகர்கோவில் கோர்ட்டில் முக்காலிக்குப் பதில் நாற்காலி வாங்க எவ்வளவு செலவாகி இருக்கும்? அங்கே குறைந்திருந்தது பணம் அன்று.

நம் அரசியல் தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. நேசமணியின் பிறந்த நாளிலும் நினைவு நாளிலும் அவருடைய சிலைக்கும் படத்துக்கும் மாலை சூட்டுகிறோம். இணைப்புப் போரின் தியாகிகளைப் போற்றுகிறோம். இவை செய்ய வேண்டியவையே. மாலையிட்ட கையோடு அக்கடைவீதியில் நடந்து சென்று, விற்பனைப் பெண்களுக்கு ஆசனம் உண்டா என்று பாருங்கள். முந்திரி ஆலையில் தரையில் அமர்ந்து கொட்டை உடைக்கும் பெண்ணுக்கு முதுகு சாய இடம் உண்டா, குடிக்க நல்ல தண்ணீர் உண்டா என்று கேளுங்கள். சர்க்கார் அலுவலகத்தின் படிகளில் சக்கர நாற்காலி ஏறுமா என்று பாருங்கள். இல்லையெனில் முதலாளியிடமும் அதிகாரியிடமும் மரியாதையாகவும் உறுதியாகவும் சொல்லுங்கள். செவிசாய்க்காவிடில் சட்டத்தை நினைவூட்டுங்கள். கட்சி பேதமின்றிச் செய்யக் கூடிய தேசத்தொண்டு இது. அந்த 26 வயது இளைஞர் அதைச் செய்த நாளில் அவருக்குத் துணையாக ஒரு சட்டமும் இல்லை. நமக்கோ சட்டம் இருக்கிறது.